வெக்கைக்கு ஊசி

சம்பங்கிக்கு மூன்று மொழிகள் தெரியும். திட்டுவது தெலுங்கில், வாழ்த்துவது கன்னடத்தில், தொழில் பேசுவது தமிழில். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பெரிய சாலையில் இருக்கிற ஒண்டிமாவூர்க்காரர்களுக்கு மூன்று மொழி ஒரு திறமையே அல்ல. ஆனால் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் எந்த மொழியில் வாயைத் திறக்கிறாள் என்பதைக் கொண்டே, எதிரில் இருப்பவர் நிற்பதா ஓடுவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

ஆண் என்று சொல்லி வளர்க்கப்பட்டு, பெண்ணாக வாழ்ந்தவள். இன்றைக்கு அதற்குத் திருநங்கை என்ற மரியாதையான சொல் இருக்கிறது. 1954இல் அந்தச் சொல் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி. ஊரார் கைவசம் இருந்த சொற்கள் கல்லைப் போல எறிவதற்கு மட்டுமே பயன்பட்டன. ஆனால் அதே ஊரார், வீட்டில் பிள்ளை பிறந்தாலும் புதுக்கடை திறந்தாலும் சம்பங்கி வந்து கைதட்டி வாழ்த்தினால்தான் விளங்கும் என்றும் நம்பினார்கள். வியாழக்கிழமைச் சந்தையில் அவள் கடை கடையாகப் போய்க் கைதட்டுவாள். ஒரு பிடி மிளகாயோ புளியோ முந்தானையில் விழும். மற்ற நாட்களில், லாரிகள் நிற்கிற புளியமரத்துக்குப் பின்னால் இருந்த அவளுடைய ஓட்டு வீட்டில் இன்னொரு தொழில் நடந்தது. சந்தையில் அவளைக் கும்பிட்டு வாழ்த்து வாங்கியவர்களில் சிலர், அந்த வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவளை அறியாதவர்கள் போலப் போனார்கள்.

அந்தக் கோடையில் ஊரில் பலருக்கு வெட்டை நோய் கண்டது. வெட்டை என்பது, ஆணும் பெண்ணும் கூடுவதால் தொற்றுகிற நோய்கள் எல்லாவற்றுக்கும் ஊரார் வைத்திருந்த ஒரே பெயர். நோயை யார் கொண்டுவந்தார்கள் என்று பஞ்சாயத்து கூடி ஆராய்ந்தது. வெகுநேரம் ஆராயவில்லை. மெம்பர் திம்மராயன் முன்மொழிய, தீர்மானம் எழுதப்பட்டது. அவனா அவளா என்று குழம்பிய குமாஸ்தா, நடுநிலையாக இருக்கட்டும் என்று இப்படி எழுதினார்:

"சம்பங்கி என்கிற அது ஊரில் வெட்டை நோயைப் பரப்பி வருவதாகத் தெரிவதால், அது ஒரு மாதத்துக்குள் தனக்கு நோய் இல்லை என்று சர்க்கார் டாக்டரிடம் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டியது. தவறினால் அது ஊரை விட்டுப் போக வேண்டியது."

ஏழு மெம்பர்களில் ஐந்து பேர் கையைத் தூக்கினார்கள். அந்த ஐந்தில் நான்கு கைகளைச் சம்பங்கி நன்றாக அறிவாள்.

அவள் அஞ்செட்டிப் பக்கத்துக்காரி. அங்கே அண்ணன்மார் விரட்டினார்கள். பர்கூரில் ஒருமுறை, கிருஷ்ணகிரியில் ஒருமுறை விரட்டப்பட்டாள். ஒண்டிமாவூரில்தான் பதினோரு வருஷம் தங்கினாள். வீட்டுக்குப் பின்னால் அவரைக்கொடிகூடப் பந்தல் ஏறியிருந்தது. இங்கிருந்தும் போவதென்றால் சானமாவுக் காடுதான் பாக்கி. "அங்க போயி ஆனைக்குப் புள்ள பொறந்தா கைதட்டலாம். வேற பொழப்பு ஏது?" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே இரண்டு வரிசை, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஆண்கள் அவளைப் பெண்கள் பக்கம் போகச் சொன்னார்கள். பெண்கள் ஆண்கள் பக்கம் கையைக் காட்டினார்கள். அவள் நடுவில் நின்றதால், இரண்டு வரிசைக்கும் முன்னதாக டாக்டர் கண்ணில் பட்டாள்.

டாக்டர் சீர்காழிப் பக்கம். ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் ரத்தத்தை எடுத்துச் சேலத்துக்கு அனுப்பி, பதில் வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"பென்சிலின் ஊசி. ஒரு நாளைக்கு ஒண்ணு வீதம் பத்து. நடுவுல விடக்கூடாது."

"பத்தும் போட்டுக்கினா சர்டிபிகேட் குடுத்துருவீங்களா, டாக்டரய்யா?"

"மாட்டேன்."

"ஏனுங்க?"

"பதினோராம் நாள் அதே ஆள் உன் வீட்டுக்கு வருவான். அவன்கிட்ட இருக்கிறது உனக்குத் திரும்ப வரும். அப்புறம் என் கையெழுத்துக்கு என்ன மரியாதை? உன்கிட்ட வழக்கமா வர்ற உள்ளூர்க்காரங்க எத்தனை பேர்?"

"பதினோரு பேருங்க."

"பேரைச் சொல்லு."

கம்பவுண்டர் கோவிந்தப்பன் பேனாவைத் திறந்துகொண்டு ஆவலோடு முன்னால் குனிந்தார்.

"பேரு சொல்லமாட்டேங்க," என்றாள் சம்பங்கி. "ஒருத்தரு தேங்காயெண்ணெ. ஒருத்தரு மூக்குப்பொடி. ஒருத்தரு வந்ததும் 'கதவச் சாத்து, கதவச் சாத்து'ன்னுவாரு, அவரு கதவு. அப்பிடித்தான் எனக்குத் தெரியும். பேரு சொன்னா அது தொழிலுக்குத் துரோகங்க. ஆனா ஆளைக் கொண்டாந்து நிறுத்தறேன்."

"பதினோரு பேரும் பத்து ஊசி முடிச்சா, கையெழுத்துப் போடறேன்," என்றார் டாக்டர். "அப்ப லாரிக்காரங்க? அவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் பெங்களூர்." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ரப்பர் உறைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதன் உபயோகத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டு விளக்கினார்.

சம்பங்கிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. லாரிக்காரர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "மைசூரு எல்லையில செக்போஸ்ட்டுல பர்மிட் காட்டாம வண்டி வுடுவாங்களா? இங்கயும் அப்பிடித்தான். பர்மிட் இல்லாத வண்டி திரும்பிப் போவலாம்." மாகாணத்தில் மதுவிலக்கு, எல்லை தாண்டிக் குடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் செக்போஸ்ட் என்றால் பயம் உண்டு. பர்மிட் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

கோவிந்தப்பனுக்கு வேறு கவலை. நோயாளிப் பதிவேட்டில் ஆண், பெண் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் ஒற்றைப்படை நாட்களில் ஆண் என்றும் இரட்டைப்படை நாட்களில் பெண் என்றும் எழுதிவந்தார். பத்து நாள் முடிவில் எந்தப் பக்கத்துக்கும் அநியாயம் இருக்காது என்பது அவருடைய வாதம்.

ஆட்களைக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன பிறகுதான் சம்பங்கிக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. வெட்டைக்கு ஊசி போட்டுக்கொள்ள எந்தக் குடும்பஸ்தன் பட்டப்பகலில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பான்? டாக்டரும் தன் பங்குக்கு உதவுவதாக நினைத்து, வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னார். "வெட்டை நோய்க்கு இலவச ஊசி. தினமும் காலை எட்டு மணி."

பலகை எழுதும் பொறுப்பு கோவிந்தப்பனுடையது. அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். பெண்கள் நிற்கிற வாசலில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல மனமில்லாமல், பெயிண்டர் ராஜப்பன் காதில் கிசுகிசுத்தார். அப்போது சுற்றுப்பட்டில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்து, அவை கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. ராஜப்பன் வீட்டிலும் ஒரு கன்று போயிருந்தது. அவர் காதில் எது விழ வேண்டுமோ அது விழுந்தது. இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். பச்சைப் பெயிண்டில், கொட்டை எழுத்தில், "வெக்கை நோய்க்கு இலவச ஊசி" என்று எழுதி, ஓரத்தில் ஒரு காளையின் தலையும் தன் அன்பளிப்பாகப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு டாக்டர் வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் முப்பது மாடுகள் நின்றன.

"என்ன இது?"

"வெக்கைக்கு ஊசிங்களே," என்றார் முன்னால் நின்ற விவசாயி. "மொதல்ல எங்க மாட்டுக்குப் போடுங்க சாமி. அது பாயும்."

டாக்டர் பலகையைப் பார்த்தார். பிறகு கோவிந்தப்பனைப் பார்த்தார். கோவிந்தப்பன் காளையின் தலையைப் பார்த்தார்.

"உடனே அழிக்கச் சொல்லு!"

"அழிக்காதீங்க டாக்டரய்யா!" தன் இரண்டாவது ஊசிக்கு வந்திருந்த சம்பங்கி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "மனுசனா வரச்சொன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. மாட்டப் புடிச்சிக்கினு வரச்சொன்னா பதினோரு பேரும் வருவாங்க. மாடு வெளிய நிக்கட்டும். மாட்டுக்காரரு பின்பக்க ரூமுக்கு வரட்டும்."

டாக்டர் பலகையை இன்னொரு முறை பார்த்தார். மருத்துவக் கல்லூரியில் இந்த வழியை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் அவர் மனச்சாட்சிக்காரர். மாடுகளை ஏமாற்றவும் இஷ்டமில்லை. கிருஷ்ணகிரிக்குக் கடிதத்தோடு ஆளனுப்பி, மறுநாளே ஒரு கால்நடை உதவியாளரை வரவழைத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். ஆக, பலகையில் இருந்த பொய் இரண்டே நாளில் உண்மையாகிவிட்டது. மாட்டுக்கு வாழ்நாளுக்கு ஒரே ஊசி. பின்பக்க ரூமில்தான் பத்து.

வியாழக்கிழமைச் சந்தையில் சம்பங்கி வழக்கம்போலக் கைதட்டினாள். கன்னடத்தில் உரக்க, "நூறு வருஷ சென்னாகிரு ராஜா!" என்று வாழ்த்திவிட்டு, குரலை இறக்கித் தமிழில் சொன்னாள்: "நாளைக்கி மாட்ட ஓட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கு வா. மாட்டுக்கு ஒண்ணு, ராஜாவுக்குப் பத்து."

அவள் தமிழில் பேசினால் அது தொழில் விஷயம் என்று அந்தப் பதினோரு பேருக்கும் தெரியும். ஒருவர் கையிலிருந்த தராசு நழுவியது. மூக்குப்பொடிக்காரர் தும்மலை அடக்கிக்கொண்டு, "எனக்கு மாடே இல்லியே," என்றார்.

"இரவல் வாங்கு."

மறுநாளிலிருந்து ஒண்டிமாவூரில் மாடு வளர்க்கும் ஆர்வம் பெருகியது. ஜவுளிக்கடைக்காரர் மச்சினன் வீட்டுக் கறவையோடு வந்தார். பஞ்சாயத்து பிரசிடெண்டு பெருமாள் ஓர் எருமையைப் பிடித்துக்கொண்டு, தான் கால்நடை முகாமைப் பார்வையிட வந்திருப்பதாகக் கேட்காதவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒருவர் ஆட்டுக்குட்டியை இடுப்பில் தூக்கி வந்தார். எல்லாரும் வேப்பமரத்தடியில் மாட்டைக் கட்டுவார்கள், தண்ணீர் குடிப்பதுபோலப் பின்பக்கம் போவார்கள், கொஞ்சம் நொண்டிக்கொண்டு திரும்புவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

திம்மராயனும் வந்தார். அவருடைய செவலைக் காளை சுற்றுப்பட்டில் பேர்போனது. கோவிந்தப்பன் மாட்டுப் பிரியர். அதற்குத் தினமும் ஒரு கை வெல்லம் கொடுப்பார். ஏழு நாள் ஒழுங்காக நடந்தது. ஏழாம் நாள் ஊசி முடிந்து, திம்மராயன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து சம்பங்கியிடம் சொன்னார்:

"நாளையிலேர்ந்து நான் வரல. கட்டிலு மேல குந்த முடியல."

"இன்னும் மூணுதான் ராஜா. மத்தவங்க பத்துப் பேரும் முடிக்கப் போறாங்க. உன்னோடது முடியாம டாக்டரு கையெழுத்துப் போடமாட்டாரு. கெடுவுக்கு இன்னும் நாலே நாளு."

"போடாட்டி என்னா? நீ ஊர வுட்டுப் போயிருவே. நீ போயிட்டா எனுக்கு எதுக்கு ஊசி?"

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சம்பங்கி தெலுங்கில் விளக்கினாள். விளக்கம் முடிவதற்குள் திம்மராயனும் காளையும் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

டாக்டர் கையை விரித்தார். "ஒரு நாள் தவறினா சமாளிக்கலாம். இரண்டு நாள் தவறினா அவர் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். கெடு தாண்டிடும். அவர் வீட்டுல சொல்லிப் பாரேன்."

"அந்தச் சம்சாரத்துக்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றாள் சம்பங்கி. அன்று மாலை அவரைப்பந்தலிலிருந்து விதைக்காகக் கொஞ்சம் காய் பறித்து முடிந்துவைத்தாள். அவள் ஒவ்வோர் ஊரையும் விட்டுக் கிளம்பும்போது செய்கிற வேலை அது.

எட்டாம் நாள் திம்மராயன் வரவில்லை. ஒன்பதாம் நாள் எட்டு மணிக்குச் செவலைக் காளை தனியாக வந்தது. அறுத்துக்கொண்ட கயிறு கழுத்தில் தொங்க, நேரே வேப்பமரத்தடிக்கு வந்து, கோவிந்தப்பன் ஜன்னலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தவள் திம்மராயன் மனைவி சென்னம்மாள். கையில் சாணி காயவில்லை.

"ஏம்மா சம்பங்கி! இந்த மாடு என்னாத்துக்கு இங்க வருது?"

"பழக்கங்க அக்கா. ஊசிக்கு வந்து வந்து."

"எங்க பக்கத்து வூட்டு மாட்டுக்கு ஒரே ஊசிதானே போட்டாங்க. இதுக்கு மட்டும் எத்தினி?"

சம்பங்கி பொய் சொல்வதில் கெட்டிக்காரி. ஆனால் அன்று எந்த மொழியிலும் பொய் வரவில்லை. "பத்து அக்கா," என்றாள். "ஏழு ஆயிருச்சு. மூணு நிக்குது. இன்னிக்கி வுட்டா ஏழும் வீணு."

சென்னம்மாள் காளையைக் கொம்பிலிருந்து வால்வரை பார்த்தாள். கொழுகொழுவென்று நின்றது. அதற்கு எந்த நோயும் இருப்பதாகத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாள், ஒரு கையில் காளை, முன்னால் புருஷன்.

"மாட்டுக்கு ஊசி போடறதக்கூடப் பாதியில வுடற மனுசன் இருக்கறானா ஊர்ல? நடங்க!"

"அடியே, நானு..."

"உள்ள போயி டாக்டரக் கூப்புடுங்க. நான் மாட்டப் புடிச்சிக்கினு நிக்கறேன்."

திம்மராயன் பின்பக்கம் போனார். டாக்டர் வெளியே வரவில்லை. காளைக்கு யாரும் ஊசி போடவும் இல்லை. சென்னம்மாள் வேப்பமரத்தடியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். சம்பங்கி நாலடி தள்ளி, தலையைக் குனிந்து நின்றாள்.

"ஏம்மா," என்றாள் சென்னம்மாள், அவளைப் பார்க்காமல். "ஒண்ணு கேக்கறேன். காளைக்கி ஊசி போட்டா, பசுவுக்கும் போடணுமா?"

"போடணும் அக்கா."

"பசு ஒரு தப்பும் பண்ணலியே. அது பாட்டுக்குக் கொட்டாயில கெடக்குது. அதுக்கு எதுக்கு ஊசி?"

"அதான் அக்கா அநியாயம்."

"உன்ன நாலு கேக்கணும்னுதான் திரும்பி வந்தேன்." சென்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தாளு உன்ன ஊர வுட்டுத் தொரத்தப் பஞ்சாயத்துல கையத் தூக்கினானே, அது தெரிஞ்சுமா நீ அவனுக்கு ஊசி போட இப்பிடி அலையற?"

"அவரு போட்டாத்தான் எனுக்குச் சர்டிபிகேட் அக்கா. எனுக்கு வேற ஊரு இல்ல."

திம்மராயன் நொண்டிக்கொண்டு வந்தார். சென்னம்மாள் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "நாளைக்கி நான் பசுவ ஓட்டிக்கினு வர்றேன்," என்றாள். "இன்னம் பத்து வூட்டுல பசு இருக்கும்னு தோணுது. தெனமும் யாரு யாரு மாடு இங்க வருதுன்னு எனுக்குத் தெரியும். நானே போயிச் சொல்லிக்கறேன்." திம்மராயன் மாட்டின் கண்ணைப் பார்த்தார். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் பசுக்கள் வந்து நின்றன. பெண்கள் வரிசை நீண்டது. கடைசிப் பரிசோதனைக்கு வந்த சம்பங்கி எப்போதும்போல நடுவில் நின்றாள். "அங்க என்னா வெயில்ல நிக்கற? இப்பிடி வா," என்று சென்னம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள். அன்று ஒற்றைப்படை நாள். ஆனாலும் கோவிந்தப்பன் பெண் என்றே எழுதினார்.

கெடு முடிகிற அன்று காலையில் திம்மராயனுக்குப் பத்தாவது ஊசி விழுந்தது. பகல் பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து கூடியது. டாக்டர் தமிழிலேயே எழுதிக் கொடுத்திருந்த சர்டிபிகேட்டைக் குமாஸ்தா எழுந்து படித்தார்.

"சம்பங்கி என்பவரை நான் பரிசோதித்தேன். இவர் சிகிச்சையை ஒரு நாளும் தவறாமல் முடித்துள்ளார். இவரால் யாருக்கும் நோய் தொற்றாது. இவருடைய முயற்சியால் ஊரில் மேலும் பலர் குணமடைந்துள்ளனர்."

மூன்று முறை 'இவர்' என்று படிக்க நேர்ந்ததில் குமாஸ்தாவுக்கு வியர்த்துவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் தாம் எழுதியிருந்த 'அது'க்களை விரலால் மறைத்துக்கொண்டார்.

"பழைய தீர்மானத்த வாபஸ் வாங்கலாம்னு நான் முன்மொழியறேன்," என்றார் திம்மராயன். ஜன்னலுக்கு வெளியே சென்னம்மாள் ஒரு பசுவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்காவது ஆட்சேபணை?" என்று பிரசிடெண்டு பெருமாள் வேகமாகக் கேட்டு, வேகமாகப் புத்தகத்தை மூடப் போனார்.

"ஒரு நிமிசம்," என்று எழுந்தார் மெம்பர் ஆஞ்சப்பன். முன்பு தூக்கிய ஐந்து கைகளில் சம்பங்கி அறியாத கை அவருடையது. உத்தமர், உத்தமர்களுக்கே உரிய ஆபத்தோடு அவர் பேசினார். "மேலும் பலர்னு டாக்டரு எழுதியிருக்காரே, அது யாரு யாருன்னு கேட்டு வாங்கலாமே? அந்தம்மா ஒருத்தருகிட்ட மட்டும் சர்டிபிகேட் கேட்டது நியாயமில்ல. மெம்பருங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு கொண்டாந்தா ஊருக்கும் ஒரு முன்மாதிரி."

உடனே நான்கு பேர் ஒரே குரலில் பேசினார்கள். ஆஞ்சப்பன் உட்கார்த்தி வைக்கப்பட்டார். வாபஸ் தீர்மானம் நிறைவேறியது. அதில் குமாஸ்தா, "மேற்படி சம்பங்கி என்பவர் ஊரிலேயே வசிக்கலாம்" என்று எழுதினார். ஒண்டிமாவூர்ப் பஞ்சாயத்துப் புத்தகத்தில் அவளுக்கு 'அவர்' என்ற மரியாதை கிடைத்தது அன்றுதான். தெருவில் கிடைக்க இன்னும் நாளாயிற்று.

சம்பங்கி வீட்டுக்குப் போய், முடிந்துவைத்திருந்த அவரை விதையை அவிழ்த்துப் பழைய பந்தலடியிலேயே ஊன்றினாள்.

செவலைக் காளைக்குத்தான் யாரும் தீர்மானத்தைப் படித்துக் காட்டவில்லை. வண்டியில் பூட்டி எங்கே ஓட்டினாலும், ஆஸ்பத்திரித் தெரு வந்ததும் அது தானாகத் திரும்பும். வெல்லம் கிடைக்கிறவரை நகராது. அந்த நேரங்களில் வண்டியில் உட்கார்ந்திருக்கும் திம்மராயன், வெயிலைப் பற்றி ஏதாவது சொல்வார்.